சேமிக்க முடியாத சத்தம்

இரவு பதினொண்டரை இருக்கும். ஸ்டடி லீவ். படிக்கிறம் எண்டு சொல்லிக்கொண்டு ஹொஸ்டல் அறையில நாலு பேர் இருந்தோம். இருந்தது ஒரேயொரு இயர்போன். அதை ரெண்டாப் பிரிச்சு ரெண்டு பேர் கேட்க, மற்ற ரெண்டு பேரும் தங்கட முறை வரும்வரைக்கும் பார்த்துக்கொண்டு இருந்தார்கள். அப்பிடித்தான் பிங்க் ஃப்ளொய்டின் 'ஒன் த ரன்' எங்களிட்ட வந்து சேர்ந்தது.

அது பாட்டெண்டு சொல்லவும் ஏலாது. ஆரும் பாடுறதில்லை. எட்டு நோட் திரும்பத் திரும்ப ஓடும். துரத்துப்படுகிற ஒருத்தருக்கு மூச்சு வாங்கிற மாதிரி. கிற்றார் எங்க, கீபோட் எங்க எண்டு தேடினோம். "இதை ஆர் வாசிக்கிறது?" எண்டு எங்களில ஒருத்தி கேட்டாள். ஒருத்தருக்கும் பதில் தெரியேல்ல. அந்தப் பதிலைத் தேடப் போய்த்தான் இந்தக் கட்டுரை. பரீட்சைக்கு இவ்வளவு தேடியிருந்தால் எங்கட பெறுபேறு வேற மாதிரி இருந்திருக்கும்.

'ஒன் த ரன்' இருக்கிற 'த டார்க் சைட் ஒஃப் த மூன்' அல்பம் 1973 இல் வந்தது. அந்த எட்டு நோட்டையும் ஓட்டுவது சிந்தி ஏகேஎஸ் எண்ட ஒரு சிந்தசைசர். லண்டனில் ஈஎம்எஸ் என்ற சின்ன நிறுவனம் செய்த, சூட்கேசுக்குள் அடங்குகிற பெட்டி. நோட்டுகளை ஆறுதலாக உள்ளே கொடுத்துவிட்டு வேகத்தைக் கூட்டியிருக்கிறார்கள். பிறகு அது தன்பாட்டில் ஓட, மனிதர்கள் பக்கத்தில் நின்று குமிழ்களைத் திருப்பியிருக்கிறார்கள். ஆகவே எங்கட கூட்டாளியின் கேள்விக்குப் பதில்: முழுசா ஒருத்தரும் வாசிக்கேல்ல, ஆனால் சும்மா நிண்டதும் இல்லை.

இந்தப் பதில்தான் எங்களைப் பிடிச்சு வைச்சது. ஐம்பது, அறுபது வருசம் பழைய மின்சாரப் பெட்டிகளில், அதுவும் ரொக் இசைக்குள், இப்பவும் இளம் ஆக்கள் போய் விழுகிறார்கள். ஏன்? 'சத்தம் சூடாயிருக்கும்', 'தடிப்பாயிருக்கும்' எண்டு வழமையான ஒரு பதில் இருக்கு. அந்தப் பதில் எங்களுக்குப் போதாது. ஏன் போதாது எண்டு சொல்லத்தான் இதை எழுதுறம்.

முதலில் மொடியூலர் எண்டால் என்ன? இப்ப கடையில வாங்கிற கீபோட்டில் பட்டனை அமத்தினால் வயலின் வரும், புல்லாங்குழல் வரும். மொடியூலர் சிந்தசைசரில் அப்பிடி ஒண்டும் இல்லை. ஒசிலேற்றர் எண்ட ஒரு பகுதி வெறும் அலையை மட்டும் உண்டாக்கும். பில்ற்றர் அந்த அலையில் வேண்டாததை வடிக்கும். அம்பிளிபையர் சத்தத்தின் அளவைக் கூட்டிக் குறைக்கும். என்வலப் எண்டது சத்தம் எப்பிடி எழும்ப வேணும், எப்பிடி அடங்க வேணும் எண்டு சொல்லும். இவை எல்லாம் தனித்தனிப் பெட்டி. ஒண்டோட ஒண்டுக்குச் சம்பந்தமே இல்லை. நாங்கள்தான் வயரைக் கொண்டு தொடுக்க வேணும். தொடுக்காவிட்டால் சத்தமே வராது.

எங்கட ஊரில தோட்டத்துக்குத் தண்ணி மாறுறவைக்கு இது டக்கெண்டு விளங்கும். கிணத்துத் தண்ணி ஒண்டுதான். எந்த வாய்க்காலை மறிக்கிறம், எந்தப் பாத்தியைத் திறக்கிறம் எண்டதில தான் எல்லாம் இருக்கு. இங்க தண்ணிக்குப் பதில் மின்னழுத்தம். மூக்கின் ஒழுங்குப்படி ஒரு வோல்ற் கூடினால் சுருதி சரியாக ஒரு ஸ்தாயி மேலே போகும். விசைப்பலகையில் இருந்து வரும் மின்னழுத்தமும், தானே ஏறி இறங்குகிற இன்னொரு ஒசிலேற்றரில் இருந்து வரும் மின்னழுத்தமும் இயந்திரத்துக்கு ஒண்டுதான். அதனால எதையும் எதோடையும் தொடுக்கலாம். பிழையாகத் தொடுக்கிறது எண்டு ஒண்டு கிட்டத்தட்ட இல்லை.

இதைச் செய்தவர்களில் முக்கியமானவர் ரொபேர்ட் மூக். நியூயோர்க் மாநிலத்தில் ட்ரூமன்ஸ்பேர்க் எண்ட சின்ன ஊரில் தெரமின் கருவிகளைச் செய்து வித்துக்கொண்டிருந்த பொறியியலாளர். 1964 இல் ஹேர்பேர்ட் டொய்ச் எண்ட இசையமைப்பாளரோடு சேர்ந்துதான் முதல் மாதிரியைச் செய்தார். டொய்ச்சுக்கு ஒரு பிரச்சினை. சத்தம் தொடர்ந்து ஒரே மாதிரிக் கேட்டுக்கொண்டே இருந்தது, அதைத் தொடக்கவும் அடக்கவும் வழி இல்லை. மூக் அவரைக் கடைக்கு அனுப்பி, வீட்டு அழைப்பு மணிக்குப் பூட்டுகிற பட்டன் ஒண்டை வாங்கிவரச் சொன்னார். அதை வைச்சுத்தான் என்வலப்பின் முதல் வடிவத்தைச் செய்தார்கள். எங்களுக்கு இந்தக் கதையில ஒரு தனிப் பிரியம். பெரிய ஆய்வுகூடத்தில் உருவான அதிசயம் மாதிரித்தான் நாங்கள் நினைச்சிருந்தோம். பார்த்தால் கைக்கு எட்டினதை வைச்சுச் செய்த வேலை.

அதே காலத்தில் கலிபோர்னியாவில் டொன் புக்லா வேறொரு பாதையில் போனார். பியானோ மாதிரி விசைப்பலகை வைத்தால் எல்லாரும் பழைய பாட்டையே வாசிப்பார்கள் என்பது அவரது எண்ணம். அதனால் தொடுதகடுகளை வைத்தார். ரொக்காரர்கள் பெரும்பாலும் போனது மூக்கிடம். மேடையில் கையை வைக்க ஓர் இடம் அவர்களுக்கு வேண்டியிருந்தது.

1967 மொன்ரரே பொப் விழாவில் போல் பீவர், பேர்னி க்ரவுஸ் இருவரும் மூக்கைக் காட்டி விற்க ஒரு கடை போட்டிருந்தார்கள். அதே வருசம் த டோர்சின் 'ஸ்ட்ரேஞ்ச் டேய்ஸ்' அல்பத்தில் மூக் வந்தது. 1968 இல் வெண்டி கார்லொஸ் பாக்கின் இசையை முழுக்க மூக்கிலேயே வாசித்து 'ஸ்விச்ட் ஒன் பாக்' வெளியிட்டார். அந்த இயந்திரத்தில் ஒரு நேரத்தில் ஒரு சுரம்தான் வரும். ஆகவே ஒவ்வொரு வரியையும் தனித்தனியாகப் பதிந்து அடுக்கியிருக்கிறார். 1969 இல் பீற்றில்சின் 'அபே ரோட்'. அதில 'ஐ வோண்ட் யூ' பாட்டின் கடைசிப் பகுதியைக் கேட்டுப் பாருங்கள். புயல் மாதிரி ஓர் இரைச்சல் வளர்ந்து வளர்ந்து இசைக்குழுவையே மூடும். அது மூக்கின் வெறும் இரைச்சல். பிறகு கத்தியால வெட்டின மாதிரி நிண்டுபோகும். நாங்கள் முதல்தரம் கேட்டபோது போனில சார்ஜ் முடிஞ்சுது எண்டு நினைச்சோம்.

ஆனால் ரொக்கும் மொடியூலரும் உண்மையாகவே கட்டிப்பிடிச்சது கீத் எமர்சனோடுதான். 1970 இல் லண்டன் ரோயல் பெஸ்டிவல் ஹோலில் அவர் முதல்முதலாக மூக்கை மேடைக்குக் கொண்டுவந்தபோது, அது மைக் விக்கர்சிடம் இரவல் வாங்கிய இயந்திரம். எமர்சன் முன்னால் வாசிக்க, விக்கர்ஸ் இயந்திரத்துக்குப் பின்னால் ஒளிந்திருந்து வயர்களை மாற்றிக்கொண்டிருந்தார். அதே வருசம் எமர்சன், லேக் அன்ட் பாமரின் முதல் அல்பம் வந்தது. அதில 'லக்கி மேன்' எண்ட அமைதியான கிற்றார் பாட்டு. கடைசியில் திடீரெண்டு பூமிக்கு அடியில இருந்து ஏதோ கிளம்பி வருகிற மாதிரி மூக் எழும்பும். ஒரு சுரத்தில் இருந்து அடுத்த சுரத்துக்கு வழுக்கி வழுக்கிப் போகும். எமர்சன் ஒரு பரீட்சார்த்தமாக வாசித்துப் பார்த்த முதல் ரேக் அது. மற்றவர்கள் அதையே வைத்துக்கொண்டார்கள். திரும்பச் செய்ய விரும்பியவர் அவர்தான். ரொக் வரலாற்றில் பேர்போன சிந்தசைசர் வாசிப்பு ஒண்டு, வாசித்தவருக்கே திருப்தி இல்லாத ஒரு ரேக்.

இப்ப அந்தச் 'சூடான சத்தம்' கதைக்கு வருவம். அனலொக் இயந்திரத்தில் சுருதி நிலையாக நிற்காது. ஒசிலேற்றரில் இருக்கிற ட்ரான்சிஸ்டர்கள் வெப்பநிலைக்கு ஏற்ற மாதிரி நடந்துகொள்ளும். அறை சூடானால் சுருதி நகரும். மேடை வெளிச்சம் பட்டால் நகரும். ஜேர்மன் குழுவான ரஞ்சரின் ட்ரீம் 1974 இல் வெளியிட்ட 'ஃபீட்ரா'வில் இது பதிவாகவே இருக்கு. பதினேழு நிமிசம் ஓடுகிற அந்தத் தலைப்புத் துண்டில், இயந்திரம் சூடேற ஏற சுருதி மெல்ல நகர்வது கேட்கும். பிழைதான். ஆனால் அந்தப் பிழையை எடுத்துவிட்டால் அந்தத் துண்டே செத்துப்போகும்.

அதெல்லாம் சரி. ஆனால் உண்மையைச் சொல்ல வேணும். நாங்கள் இதையெல்லாம் கேட்டது ஆயிரம் ரூபாய் இயர்போனில, யூரியூப்பில. அனலொக்கின் சூட்டுக்கும் அதைப் போலச் செய்கிற மென்பொருளுக்கும் வித்தியாசம் கண்டுபிடிச்சம் எண்டு சொன்னால் அது பொய். கண்ணைக் கட்டிவிட்டுக் கேட்டால் நாங்கள் கட்டாயம் தோற்போம். அப்பிடியெண்டால் எங்களை இழுத்தது சத்தத்தின் தரம் மட்டும் இல்லை. வேறொண்டும் இருக்க வேணும்.

எங்கட கணிப்புப்படி அது இதுதான்: அந்த இயந்திரத்துக்கு ஞாபகம் இல்லை.

மொடியூலரில் சேமிக்கிறது எண்ட கதையே கிடையாது. ஒரு சத்தத்தை உருவாக்க முப்பது வயரைத் தொடுத்து ஐம்பது குமிழைத் திருப்புவீர்கள். அடுத்த சத்தம் வேணுமெண்டால் எல்லாத்தையும் கழட்ட வேணும். பழைய சத்தம் போயிட்டுது. அந்தக் காலத்து ஆக்கள் எந்த வயர் எங்க போனது, குமிழ் எந்தப் பக்கம் நிண்டது எண்டு கடுதாசியில் வரைஞ்சு வைத்தார்கள். அதைப் பார்த்துத் திரும்பத் தொடுத்தாலும் அச்சொட்டாக வராது. சொந்தக்காரர் மாதிரி வரும். 1978 இல் வந்த புரொபெற் 5 இல் பட்டனை அமத்திச் சத்தத்தைச் சேமிக்கவும் திரும்ப எடுக்கவும் வழி இருந்தது. 1983 இல் யமஹா டிஎக்ஸ் 7 வந்தது. அதில் தொழிற்சாலையிலேயே செய்து வைத்த சத்தங்கள் வந்தன. எண்பதுகளின் பாட்டுகள் பலதில ஒரே எலெக்ட்ரிக் பியானோ கேட்பது அதனாலதான். மேடைக்கலைஞர்களுக்கு அது பெரிய விடுதலை. அதை நாங்கள் குறை சொல்லேல்ல. ஆனால் அதோட ஒண்டு இல்லாமலும் போச்சு. சத்தத்தைத் தேடுகிற வேலை, சத்தத்தைத் தெரிவு செய்கிற வேலையாக மாறிப்போச்சு.

இனி எங்களோட உடன்படாத கூட்டாளியின் கதை. அறையில இருந்த நாலு பேரில ஒருத்தன் இதை முழுக்க எதிர்த்தான். "உதெல்லாம் காசுக்கார வெள்ளைக்காரற்ற பழைய நினைவு. நாங்கள் ஏன் அவங்கட சாமானுக்கு அழ வேணும்?" எண்டு கேட்டான். லேசில தட்டிவிடக்கூடிய கேள்வி இல்லை அது. 2015 இல் மூக் நிறுவனம் தன்ர பழைய சிஸ்டம் 55 ஐத் திரும்பச் செய்து வித்தது. ஐம்பத்தைந்தே ஐந்துதான் செய்தார்கள். ஒண்டின் விலை 35,000 டொலர். இண்டைக்கு எங்கட ரூபாயில ஒரு கோடிக்கு மேல. 2022 இல் ரூபாய் விழுந்தபோது ஒரு கிற்றார்க் கம்பிக்கே யோசிச்ச ஆக்கள் நாங்கள். வாங்கவே முடியாத ஒண்டை அழகெண்டு கும்பிடுறதில ஓர் அடிமைத்தனம் இருக்குத்தானே?

இருக்கு. ஆனால் ரெண்டு விசயத்தை அவனுக்குச் சொன்னோம்.

முதலாவது, 'உண்மையான கருவி' எண்ட மரியாதை ஆருக்கும் நிரந்தரமாக எழுதிக் குடுபட்டதில்லை. குவீன் குழு 1973 இல் வந்த தங்கட முதல் அல்பத்தின் உறையில், இதில் ஒருவரும் சிந்தசைசர் வாசிக்கவில்லை என்று பெருமையாகப் போட்டார்கள். பிறகு 1980 இல் 'த கேம்' அல்பத்தில் தாங்களே வாசித்தார்கள். 1982 இல் பிரித்தானிய இசைக்கலைஞர் சங்கத்தின் மத்திய லண்டன் கிளை சிந்தசைசருக்குத் தடை வேணும் என்று தீர்மானம் போட்டது, தொழில் போகும் எண்ட பயத்தில. அண்டைக்குப் 'பொய்ச் சத்தம்', 'மெசின் சத்தம்' எண்டு ஏச்சு வாங்கினது இண்டைக்கு 'உண்மையான அனலொக்'. எங்கட கலைவிழாவில லப்டொப்பை மேடையில வைச்சபோது, "பட்டன் அமத்திறது வாசிப்பே?" எண்டு ஒருத்தர் கேட்டார். அவருக்கு அண்டைக்கு எங்களிட்டப் பதில் இருக்கேல்ல. இப்ப இருக்கு. இதே கேள்வியை மூக்கிட்டயும் கேட்டவை. குற்றம் கருவியில இல்லை. அதில நீங்கள் தேடுறீங்களா, எடுத்துக் குடுக்கிறீங்களா எண்டதுதான் கேள்வி.

ரெண்டாவது, இது வெள்ளைக்காரரின் கதை மட்டும் இல்லை. அகமதாபாத்தில் இருக்கிற தேசிய வடிவமைப்பு நிறுவனத்தில் 1969 இலேயே ஒரு மூக் மொடியூலர் இருந்தது. அமெரிக்க இசைக்கலைஞர் டேவிட் ரியூடர் வந்து அதைப் பூட்டிக் குடுத்தார். கீதா சாராபாய், ஐ. எஸ். மாத்தூர், அதுல் தேசாய் போன்றவர்கள் அதில் வேலை செய்தார்கள். பிறகு அந்த ரேப்புகள் கனகாலம் கவனிப்பாரில்லாமல் கிடந்தன. போல் பர்கஸ் எண்ட கலைஞர் அவற்றைத் தேடி எடுத்தார். 2023 இல் அல்பமாகவும் வந்தது. அது ரொக் இல்லை. ஆனால் எமர்சன் 'லக்கி மேன்' பதிவதற்கு முந்தின வருசமே, எங்களுக்குப் பக்கத்து நாட்டில் ஆக்கள் அதே இயந்திரத்தில் வயர் தொடுத்துக்கொண்டு இருந்திருக்கினம். இது எங்களுக்கு ஆரும் சொல்லித் தராத வரலாறு. இதைக் கேட்டபிறகு கூட்டாளி கொஞ்சம் இறங்கி வந்தான். முழுக்க இல்லை.

அவன் இறங்கி வந்த மற்றக் காரணம், விலையில்லாமல் ஒண்டு கிடைச்சது. விசிவி ரெக் எண்ட மென்பொருள், 2017 இல் வந்தது, இலவசம், திறந்த மூலம். திரையில் வெறும் சட்டம் ஒண்டில இருந்து தொடங்கலாம். ஒசிலேற்றரைக் கொண்டுவந்து வைக்க வேணும், வயரைத் தொடுக்க வேணும். தொடுக்காவிட்டால் சத்தம் வராது, அசல் மாதிரியே. எங்களில ஒருத்தியின்ர பழைய லப்டொப் அதை ஓட்டும்போது விசிறி கத்தும். அந்த விசிறிச் சத்தத்தையும் சேர்த்துத்தான் கேட்க வேணும்.

விளையாட்டை உண்மையாக்க ஒரு சட்டம் போட்டோம்: சேமிக்கக் கூடாது. ஒவ்வொரு இரவும் வெறும் சட்டத்தில இருந்து தொடங்க வேணும். முதல் ரெண்டு நாள் வந்தது எல்லாம் நாய் ஊளையிட்ட மாதிரி. அடுத்த அறையில இருந்து சுவரில தட்டினார்கள். மூண்டாம் நாள் ஒருத்தி ஒரு வயரைப் பிழையான இடத்தில குத்தினாள். ஒரு சத்தம் வந்தது. தூரத்தில லொறி ஒண்டு பாலத்தைக் கடந்து போகிற மாதிரி, அதுக்குள்ள ஆரோ முணுமுணுக்கிற மாதிரி. பதினைஞ்சு நிமிசம் ஒருத்தரும் கதைக்கேல்ல. உடன்படாத கூட்டாளிதான் முதலில வாயைத் திறந்தான்: "சேவ் பண்ணுவம்." சண்டை வந்தது. உண்மையான சண்டை. ரெண்டு பேர் ஓம், ரெண்டு பேர் இல்லை. கடைசியில சட்டம் சட்டம்தான் எண்டு மூடினோம். மூட முதல் ஒருத்தி விரிவுரைக் கொப்பியின் பின்பக்கத்தில் வயர்களை வரைஞ்சாள்.

அடுத்த நாள் அந்தப் படத்தைப் பார்த்து அப்பிடியே தொடுத்தோம். லொறி வந்தது. முணுமுணுப்பு வரேல்ல. எந்தக் குமிழ் எவ்வளவு திரும்பி நிண்டது எண்டு படத்தில இல்லை. இண்டைக்கு வரைக்கும் அது வரேல்ல.

சேமிச்சிருக்கலாமே எண்டு இப்பவும் சிலவேளை நினைக்கிறம். சேமிச்சிருந்தால் அது இப்ப லப்டொப்பில ஒரு பைலாக இருந்திருக்கும், நாங்களும் திறந்து பார்க்காமல் விட்டிருப்பம் எண்டும் நினைக்கிறம். ரெண்டும் உண்மையாக இருக்கலாம். ஆனால் ஒண்டு நிச்சயம். அந்தப் பதினைஞ்சு நிமிசமும் நாங்கள் கேட்ட மாதிரி வேறெதையும் கேட்டதில்லை. அது திரும்ப வராது எண்டு தெரிஞ்சுதான் கேட்டோம். எல்லாம் பதிவாகி, எல்லாம் திரும்பப் பார்க்கக்கூடியதாகி, ஒண்டையும் உத்துக் கேட்காத எங்கட வாழ்க்கையில இது சின்ன விசயம் இல்லை.

ஆகவே எங்கட கருத்து இது. பழைய இயந்திரத்துக்காக ஏங்க வேண்டாம். விலைப்பட்டியலைப் பார்த்துப் பெருமூச்சு விடவும் வேண்டாம். அதில இருந்து எடுக்க வேண்டியது அதின்ர பழக்கத்தை: வெறுமையில இருந்து தொடங்கிறது, பிழையைக் கொஞ்ச நேரம் கேட்டுப் பார்க்கிறது, அடுத்தவர் செய்து வைச்ச சத்தத்தை எடுக்க முதல் ஒருக்காலாவது சொந்தமாகத் தேடுறது. உங்களிட்ட கலியாணவீட்டுக் கீபோட்தான் இருக்கெண்டாலும் பரவாயில்லை. அதின்ர பின்பக்கம் போய்ப் பாருங்கோ. பல கீபோட்டுகளில பிரிசெட்டை உடைச்சு மாத்திற இடம் ஒண்டு இருக்கும், ஆரும் அமத்தாத பட்டனுக்குக் கீழ.

கலைவிழா அடுத்த மாதம். நாங்கள் மேடையில வெறும் சட்டத்தோட தொடங்கப் போறம். என்ன வரும் எண்டு எங்களுக்குத் தெரியாது. உடன்படாத கூட்டாளி ரெக்கோட் பண்ணப் போறானாம். பண்ணட்டும். அது அவன்ர உரிமை. ஆனால் நீங்கள் நேரில வாங்கோ.